பழனி மலைப் பாதைக்கு: பையில் எது ஏறணும், எது இறங்கணும்

ஆன்லைனில் 'சர்வைவல் கிட்' என்று தேடினால் கையகலப் பெட்டி ஒன்று வரும். உள்ளே மடக்குக் கத்தி, தீக்கல், கம்பி ரம்பம், தூண்டில் முள், கண்ணி வைக்கிற கம்பி, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு திசைகாட்டி, ஒரு விசில். விலை ஆயிரத்துச் சொச்சம். பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் பக்கம் நடக்க வருகிற இளவட்டங்கள் பலர் பெருமையாக இதைத்தான் திறந்து காட்டுகிறார்கள். அந்தப் பெட்டியில் விசிலைத் தவிர வேறு எதுவும் இந்த மலையில் உயிரைக் காப்பாற்றப் போவதில்லை. போதாக்குறைக்கு வம்பிலும் மாட்டிவிடும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எவையெல்லாம் 'ஆயுதம்' என்று சொல்லும்போது கத்தி, கொக்கி, கண்ணி மூன்றையும் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்பது அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு. கொடைக்கானலைச் சுற்றி சுமார் 600 சதுர கிலோமீட்டர் 2013 முதல் சரணாலயம். பெட்டியை வாங்கியவர் காசு கொடுத்து வில்லங்கத்தையும் வாங்கிக்கொண்டு வருகிறார்.

பேச்சு பொத்தாம்பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரு தடத்தை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். வட்டக்கானலில் இறங்கி, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை அருவி. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து ஜனங்கள் ஏறி இறங்கிய பக்கம் இது. மேலே சுமார் 2,000 மீட்டர் உயரம், சோலை, மேகம், ஈரம். கீழே மாந்தோப்பு, வெக்கை. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு ஆறரை டிகிரி கூடும் என்பது பொதுக் கணக்கு. காலையில் பல் கிட்டிக்கொண்டு புறப்பட்டவர் மதியம் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு நிழல் தேடுவார். ஒரே பையில் இரண்டு ஊருக்கான சாமான் வேண்டும் என்பதுதான் இந்தத் தடத்தின் சிக்கல்.

வனத்துறை அனுமதி இல்லாமல் போகலாமா என்று கேட்காதீர்கள், போகக் கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் பிடித்த காட்டுத்தீ மலையேறப் போன 23 பேரின் உயிரைக் கொண்டுபோன பிறகு, மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் அதே ஆண்டு தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் அரசே 40 தடங்களை அறிவித்து, இணையத்தில் பதிவுசெய்ய விடுகிறது. வழிகாட்டியும் உடன் வருவார். அனுமதியும் வழிகாட்டியும் இருக்கிற ஆளின் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் கீழே எழுதுவதெல்லாம்.

இங்கே ஆளை வீழ்த்துவது எது என்பதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். நனைந்து குளிர்ந்துபோவது முதலாவது. அடுத்தது மேகம் இறங்கி வழி தப்புவது, அதோடு சேர்ந்து இருட்டிப்போவது. பிறகு கணுக்கால் பிசகுவது. கீழ்ப்பாதியில் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும். பசி இந்த வரிசையிலேயே இல்லை. ஒருநாள் சாப்பிடாமல் கிடந்து செத்தவர் கிடையாது. காட்டுமாடு, யானைக்குக் கடையில் விற்கிற சாமான் எதுவும் பதிலாகாது. தள்ளி நிற்பதும், இருட்டில் நடக்காமல் இருப்பதும்தான் வழி. ஆகவே தூண்டில் முள்ளுக்குக் கொடுக்கிற காசு மழைச் சட்டைக்குப் போக வேண்டும்.

கத்தி

சீக்கிரம் முடித்துவிடலாம். 'ரேம்போ' கத்தியா, மடக்குக் கத்தியா, அரிவாளா என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கிறது. மலைக்காரர் இடுப்பில் அரிவாள் இருக்கிறதே என்பார்கள். அவருக்குப் புதர் வெட்டவும் விறகு சீவவும் வேலை இருக்கிறது, கையும் பழகியது. நமக்கு ஒருநாள் நடையில் வெட்ட வேண்டியது பேண்டேஜ் துணி, கயிறு, வழியில் வாங்கின பேரிக்காய். முதலுதவிப் பையில் முனை மழுங்கின சின்னக் கத்தரிக்கோல் ஒன்று போதும். பேரிக்காயைக் கடித்துத் தின்னலாம்.

மழை

காசும் கவனமும் இங்கேதான் போக வேண்டும். பழனி மலைக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெரிது. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடியோடு கோடை மழை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறி இவ்வளவு தூரம் உள்ளே வந்தும் கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை அடைத்தது. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் உறைபனி வரைக்கும் போக வேண்டியதே இல்லை. பத்துப் பன்னிரண்டு டிகிரி, நனைந்த சட்டை, மலை விளிம்புக் காற்று, இந்த மூன்றும் சேர்ந்தாலே உடம்பு வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும். முதலில் நடுக்கம். பிறகு விரல் ஜிப்பைப் பிடிக்காது. பேச்சு குழறும். 'நீங்க போங்க, நான் கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

குடையிலிருந்து ஆரம்பிக்கலாம். கொடைக்கானல் கடைத்தெருவில் குடை இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். சாலைக்கும், காற்று நுழையாத சோலைக்கும் குடையை மிஞ்ச ஆளில்லை. உள்ளே வேர்க்காது, முகத்தில் தண்ணீர் வழியாது. ஆனால் டால்பின் நோஸ் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் இரண்டு கையும் வேண்டும். ஒரு கை குடைக்குப் போனால் வேரையும் பாறையையும் பிடிக்கக் கை இல்லை. விளிம்பில் ஒரு வீச்சு அடித்தால் குடை மல்லாந்துவிடும்.

அடுத்தது கொங்காணி. யூரியா சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளிவிட்டால் கூம்பாக நிற்கும். அதைத் தலையில் மாட்டினால் முதுகு முழுக்க மூடிக்கொள்ளும். சுமை தூக்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான உடுப்பு இல்லை. இரண்டு கையும் சும்மா இருக்கிறது, முன்பக்கம் திறந்திருப்பதால் வேர்ப்பதில்லை, சுமையும் நனைவதில்லை, செலவும் இல்லை. முன்னால் அடிக்கிற சாரலுக்கு மட்டும் பதில் இல்லை. வெளியூர்க்காரர் இதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூச்சப்பட்டால் பரவாயில்லை, மடித்துப் பையில் வையுங்கள். ஈரத் தரையில் உட்கார இதற்கு இணையான விரிப்பு கிடையாது.

டூவீலர் ரெயின்கோட்டை எல்லோரும் கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தடித்த பிவிசி, ஒரு சொட்டு உள்ளே விடாது. வேர்வையையும் வெளியே விடாது. வண்டியில் அசையாமல் உட்காருகிறவருக்குத் தைத்தது அது. ஏற்றத்தில் அதைப் போட்டு நடந்தால் அரைமணியில் உள்சட்டை பிழியப் பிழிய ஈரம். மழையில் நனைந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. பேன்ட் தொடை நடுவில் கிழிவதும் நிச்சயம்.

பான்சோ, அதாவது தலை வழியாக மாட்டுகிற போர்வை மாதிரி மழை உடை, பார்க்கக் கச்சிதமாகத் தெரியும். பையோடு சேர்த்து மூடும், விரித்தால் கூரையாகும். உன்னிச்செடிப் புதர் வழியாகப் போகும்போது மாட்டி மாட்டி இழுக்கும். காற்றில் முகத்தில் வந்து அறையும். எல்லாவற்றையும்விட, இறக்கத்தில் உங்கள் பாதம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளகவி இறக்கத்துக்கு இந்த ஒரு காரணத்தாலேயே வேண்டாம் என்பேன். மன்னவனூர், கவுஞ்சி பக்கம் புல்வெளியில் சமதளமாக நடக்கிறவர்களுக்குச் சரி.

மிச்சம் இருப்பது மலையேற்றத்துக்கென்று விற்கிற நைலான் ஜாக்கெட். இதில் இரண்டு சாதி. உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு பூசியது ஒன்று, ஆவியை வெளியே விடும் மெல்லிய சவ்வு ஒட்டியது மற்றொன்று. சவ்வு வைத்தது பல மடங்கு விலை. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வேண்டுமானால் வெளியே காற்று உலர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் மேகம் நிற்கிற சோலைக்குள் அந்த வித்தை பாதிகூடப் பலிக்காது. துணியின் மேற்பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டிய செலவும் உண்டு. இமயமலைக்குப் போகிறவர் வாங்கட்டும். நமக்குப் பூச்சு ஜாக்கெட் போதும், ஆனால் வாங்கும்போது உள்ளே புரட்டிப் பாருங்கள். தையல் ஓடுகிற கோடு முழுக்க ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பான பட்டை ஒட்டியிருக்க வேண்டும். தோள்பட்டைத் தையலில் அந்தப் பட்டை இல்லையென்றால் பை வார் அழுத்துகிற இடத்தில்தான் முதலில் ஒழுகும். சீட்டில் '2,000 மிமீ' என்று போட்டிருந்தால், அந்தத் துணி மேல் 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினாலும் தாங்கும் என்று பொருள். கனமழைக்கு அதற்குக் கீழே இறங்காதீர்கள். அக்குளில் ஜிப் வைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள். காற்றோட்டத்துக்கு அந்த ஓட்டை செய்கிற வேலையை விலையுயர்ந்த சவ்வு செய்யாது.

பைக்கு மேலே போடும் உறையை நம்ப வேண்டாம். முதுகோரம் திறந்துதான் கிடக்கும். கழுத்து வழியாக இறங்கும் தண்ணீர் நேராகப் பைக்குள் போகும். பைக்கு உள்ளே ஒரு உறை போடுங்கள். 'ட்ரை பேக்' என்று விற்பதும் சரி, சாக்குக்குள் வருகிற தடித்த பாலித்தீன் உறையைக் கழுவிக் காயவைத்ததும் சரி. அதற்குள் ஒரு செட் உலர்ந்த துணி இருக்க வேண்டும். இதைக் கடைசி வரை உடுத்தக் கூடாது. நின்றுவிட்ட பிறகு, கூரைக்குக் கீழே வந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

என்ன துணி

பருத்தியா, பாலியஸ்டரா, கம்பளியா என்ற கேள்விக்கு இந்த மலையில் மாதத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். மழை மாதங்களில் ஜீன்ஸ் கூடவே கூடாது. ஒருமுறை நனைந்தால் அன்றைக்குக் காயாது, எடை கூடிக் காலைப் பிடித்து இழுக்கும். பாலியஸ்டர் டி-ஷர்ட், மேலே ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை நூல் மேல்சட்டை), இது மலிவான நல்ல ஜோடி. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு பிடித்து வைக்கும், ஆனால் கனம். (மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் 1960-களிலிருந்து கம்பளி ஆடு வளர்க்கிறது. அப்படியிருந்தும் கடைத்தெருவில் 'கொடைக்கானல் ஸ்வெட்டர்' என்று தொங்குவதில் பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான். தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.)

மாசி, பங்குனி வந்தால் கணக்கு தலைகீழ். புல் காய்ந்து, தைலமரச் சருகு மொடமொடவென்று கிடக்கும். தீ அபாயம் உள்ள அந்த வாரங்களில் தடங்களை வனத்துறை மூடிவிடும், மூடாத ஓரத்தில் நடப்பவரும் கவனிக்க வேண்டும். பாலியஸ்டரும் நைலானும் அனல் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், ஒட்டாது. அந்தப் பருவத்தில் முழுக்கைப் பருத்திச் சட்டையும் பருத்திக் கால்சட்டையும்தான் என் தேர்வு. எல்லாப் பருவத்துக்கும் ஒரே உடுப்பைப் பரிந்துரைக்கிற பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை.

ராத்தங்கல் வந்துவிட்டால்

ஒருநாள் நடைக்கு டென்ட் தேவையில்லை. இரண்டு மூன்று கிலோ சுமந்து போனாலும் இந்தச் சரிவில் அதை அடிக்கச் சமமான இடம் கிடைக்காது. காட்டுக்குள் கூடாரம் போடத் தனி அனுமதியும் வேண்டும். கேள்வி டென்ட்டைப் பற்றியது அல்ல, கால் பிசகி நடுவழியில் உட்கார்ந்துவிட்டால் உதவி வரும்வரை எதற்குக் கீழே உட்காருவது என்பதுதான்.

சில்பாலின் என்கிற பிளாஸ்டிக் தார்ப்பாய் எல்லா ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம்) தடிமனில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் எடுத்தால் 810 கிராம். நாலு பேர் அடங்குவார்கள், ஓரத்தில் கயிறு போடக் கண் வைத்திருக்கும், மழைத் தண்ணீர் பிடிக்கவும் உதவும். 200 ஜிஎஸ்எம் உறுதிதான், ஆனால் அதே அளவு 1,800 கிராம் வரும். லாரிக்கு வாங்குகிறவர் வாங்கட்டும். இன்னொரு பக்கம் வெள்ளித்தாள் போல மினுங்குகிற அவசரகாலப் போர்வை. ஐம்பது அறுபது கிராம்தான், சட்டைப் பையில் அடங்கும். உடம்பிலிருந்து வீசுகிற சூட்டைத் திருப்பி அனுப்பும். காற்றடித்தால் படபடவென்று அடித்து, ஒரு முள் பட்டாலே நீளமாகக் கிழியும். அடியில் ஒன்றும் போடாமல் அதன் மேல் உட்கார்ந்தால் தரை வழியாகச் சூடு போவதை அது தடுக்காது. போர்வையாக இல்லாமல் உறை மாதிரி தைத்து வருகிற வகை கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் கிழிசலும் காற்றும் இரண்டும் குறையும். குழுவுக்கு ஒரு சில்பாலின், ஆளுக்கு ஒரு வெள்ளி உறை, உட்கார அந்த யூரியா சாக்கு. தனியாகப் போகிறவருக்கு நான் எதையும் பரிந்துரைக்க மாட்டேன், தனியாகப் போகாதீர்கள்.

தீக்கல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெக்னீசியம் தீக்கல், லைட்டர், தீப்பெட்டி என்று ஒப்பிட்டு எத்தனையோ வீடியோ இருக்கிறது. தீக்கல் தெறிக்கிற பொறி மூவாயிரம் டிகிரி சூடு என்பது உண்மைதான். பொறி விழுந்து பற்ற உலர்ந்த பஞ்சு வேண்டுமே? மழைக்காலச் சோலையில் விறகு, பாசி, சருகு எல்லாம் ஊறிக் கிடக்கும். கோடையில் எல்லாம் பற்றும், ஆனால் அப்போது தீ மூட்டுகிறவர் தன்னையும் காட்டையும் சேர்த்தே கொளுத்துவார். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி குற்றம். எனவே உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் ஒரு சாதா லைட்டர், கூடவே சைக்கிள் டியூபை வெட்டிய நாலைந்து துண்டு. ரப்பர் நனைந்திருந்தாலும் எரியும். லைட்டருக்குள் இருக்கும் பியூட்டேன் சுழிய டிகிரியை ஒட்டி ஆவியாக மறுக்கும். மார்கழி, தையில் அதைப் பையில் போடாமல் உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள். வழிகாட்டி வேண்டாம் என்றால் அந்த லைட்டரையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர்

பாட்டிலில் ஆரம்பிப்போம். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி, 2024 முதல். எனவே எவர்சில்வர் பாட்டில். இதிலும் இரண்டு உண்டு. சூடு ஆறாமல் வைக்கிற இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க், ஒற்றைச் சுவர் பாட்டில். அவசரத்தில் அடுப்பில் ஏற்றித் தண்ணீர் காய்ச்ச ஒற்றைச் சுவரால்தான் முடியும். ஃபிளாஸ்கை நெருப்பில் வைத்தால் அடைபட்ட இடைவெளி சூடேறி வெடிக்கலாம். ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. கீழ்ப்பாதி வெயிலை நினைத்தால் மூன்றாவதும் தப்பில்லை.

ஓடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய மூன்று வழி: காய்ச்சுவது, குளோரின் மாத்திரை, வடிகட்டி. காய்ச்சுவது எல்லாக் கிருமியையும் கொல்லும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதனால் கொதி வந்த பிறகு 3 நிமிடம் விடச் சொல்வார்கள். சமவெளியில் 1 நிமிடம் போதும். ஆனால் அடுப்பும் தீயும் வேண்டும், மேலே பார்த்த அதே தடைகள். குளோரின் மாத்திரை எடையே இல்லை, விலையும் இல்லை. லிட்டருக்குச் சீட்டில் போட்ட அளவு போட்டு அரைமணி காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் இன்னும் கூடுதல் நேரம். கலங்கல் தண்ணீரில் வேலை செய்யாது, துணியில் வடித்துவிட்டுப் போட வேண்டும்.

வடிகட்டியில் இப்போது பிரபலமானது நுண்குழாய் வகை. 0.1 மைக்ரான் துளை, பாக்டீரியாவும் அமீபா வகைக் கிருமிகளும் நிற்கும். வைரஸ் புகுந்துவிடும். பிடித்த உடனே குடிக்கலாம் என்பது பெரிய வசதி. அதன் பலவீனம் பனி. ஒருமுறை உபயோகித்து உள்ளே ஈரம் நின்ற வடிகட்டி, உறைபனி ராத்திரி ஒன்றில் வெளியே கிடந்தால் குழாய்கள் விரிசல் விடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளிர்காலத்தில் பெரிஜம், பூம்பாறைப் பக்கம் தங்குகிறவர்கள் அதைப் படுக்கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எங்கும் படிக்கட்டு வயலில் பூண்டு, உருளை, கேரட். தெளிக்கிற மருந்தெல்லாம் மழையோடு ஓடையில்தான் இறங்கும். காய்ச்சினாலும் குளோரின் போட்டாலும் 0.1 மைக்ரானில் வடித்தாலும் பூச்சிமருந்து அப்படியே இருக்கும். தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற ஓடையில் பிடிக்கக் கூடாது. மேலே சோலை மட்டுமே இருக்கிற ஓடையைத் தேட வேண்டும். எந்தக் கருவி வாங்கலாம் என்பதைவிட எந்த ஓடை என்று வழிகாட்டியிடம் கேட்பது மேல். வட்டக்கானல் தடத்துக்கு மாத்திரைப் பட்டை ஒன்றே போதும் என்பது என் தீர்மானம். தொடர்ந்து மலை நடக்கிறவர் வடிகட்டி வாங்கட்டும்.

கால்

அட்டைக்கு என்ன பூசுவது என்று உப்பு, மூக்குப்பொடி, சுண்ணாம்பு, வேப்பெண்ணெய் என ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். எல்லாமே கொஞ்ச நேரம் வேலை செய்யும், ஓடையில் ஒருமுறை கால் வைத்ததும் கழுவிக்கொண்டு போய்விடும். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறைதான் நிலைக்கிற பதில். சாதா சாக்ஸின் பின்னல் துளை வழியாக நூல் மாதிரி மெலிந்து அட்டை உள்ளே போய்விடும், வெளியே வரும்போது திராட்சை அளவுக்கு இருக்கும். கடித்தால் நகத்தாலோ காகித அட்டையாலோ வாய்ப்பக்கம் சுரண்டி எடுங்கள், நெருப்பு வைக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் ஒழுகுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஷூவில் தோட்ட வேலைக்காரர்கள் போடும் கம் பூட்ஸ் அட்டைக்கும் சேற்றுக்கும் அருமை, நீண்ட இறக்கத்துக்கு ஆகாது. உள்ளே கால் வழுக்கி நகம் கறுத்துவிடும். காவல்துறை, வனத்துறைக்காரர்கள் போடுகிற கான்வாஸ் ஹண்டர் ஷூ விலை குறைவு, கணுக்காலைப் பிடிக்கும், நனைந்தால் ஒருநாளில் காயும். உள்ளங்கால் மட்டும் மெலிது. வாட்டர்ப்ரூஃப் ட்ரெக்கிங் ஷூ மேலே ஈரப்புல்லுக்குச் சுகம். ஓடையில் ஒருமுறை கணுக்காலுக்கு மேல் மூழ்கினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. வாட்டர்ப்ரூஃப் இல்லாத, அடியில் ஆழமான பல் உள்ள ட்ரெக்கிங் ஷூவை நான் தேர்ந்தெடுப்பேன். நன்றாகத் தேய்ந்து பழகியதாக இருக்க வேண்டும், புது ஷூவோடு யாரும் வெள்ளகவி இறங்க வேண்டாம். வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, ஊரெல்லாம் சாமி இருக்கிற இடம். ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே போனபிறகு பத்துக் கண் லேஸை அவிழ்த்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் மட்டக்குதிரைகூடச் சிரிக்கும்.

வெளிச்சமும் வழியும்

செல்போன் டார்ச் போதாதா என்பார்கள். போதாது. போனில்தான் வரைபடம், போனில்தான் அவசர உதவி எண் 112. வெளிச்சத்துக்கும் அதையே தின்னவிட்டால் மூன்றும் ஒன்றாக அணையும். நெற்றியில் மாட்டுகிற ஹெட்லேம்ப் கையை விடுவிக்கும். சார்ஜ் ஏற்றுகிற வகையா, பேட்டரி மாற்றுகிற வகையா என்றால் மலைக்குப் பேட்டரி வகை. பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரியே போட முடிகிறதா என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று கத்துகிற விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். மேகத்துக்குள் அதிக வெளிச்சம் வெள்ளைச் சுவராகத்தான் திரும்பி வரும். மங்கலான நிலையில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வழிக்கு, சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால். திசைகாட்டி கெட்ட சாமானல்ல. தென்னிந்தியாவில் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம் என்பதால் கணக்குப் போடும் தொல்லையும் இல்லை. ஆனால் படிக்கத் தெரியாதவர் கையில் அது வெறும் பொம்மை. இந்தத் தடத்தில் வழிகாட்டிதான் வரைபடம். சமவெளியைப் பார்க்கிற விளிம்புகளில் சிக்னல் எட்டிப் பார்க்கும், பள்ளத்துக்குள் போனால் காணாது. ஆபத்தென்றால் விளிம்புக்கு ஒருவர் ஏறிப் பேசலாம். விசிலை மூன்று மூன்றாக ஊதுங்கள், இடைவெளி விட்டு மறுபடி மூன்று. குரல் தேய்ந்துபோகிற நேரத்திலும் விசில் கேட்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியோ கொண்டுவந்தால், அன்போடு வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு.

மருந்துப் பையில் கிரேப் பேண்டேஜ், ஓஆர்எஸ் பொட்டலம், வலி மாத்திரை, தான் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. பாம்பு விஷத்தை உறிஞ்சும் பம்ப் என்று கிட்டில் வருவதைத் தூக்கிப் போடுங்கள், அதனால் ஒரு பயனும் கிடையாது. நம் மருத்துவமனைகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஆனது, அவை கீழ்ப்பாதியில்தான் அதிகம். மேலே சோலையில் இருக்கிற குழிவிரியனுக்கு அது பொருந்தாது. எது கடித்தாலும் கட்டுப்போடாமல், கீறாமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போவதுதான் வேலை. அதற்கு அந்த சில்பாலினும் இரண்டு கம்பும் இருந்தால் டோலி ஆகிவிடும்.

கையில் கொஞ்சம் காசுதான் இருக்கிறது என்பவர் முதலில் ஜாக்கெட், அடுத்து ஹெட்லேம்ப், அப்புறம் அட்டைக் காலுறை என்று வாங்கட்டும். ஷூ பழசே போதும், அடிப்பல் தேயாமல் இருந்தால். சில்பாலின், கயிறு, சாக்கு, சைக்கிள் டியூப் இதெல்லாம் வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ பாதி விலைக்குக் கிடைக்கும், மேலே ஏறின பிறகு தேடாதீர்கள். மெடிக்கலில் குளோரின் மாத்திரை கேட்டால் சில கடைக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பெரிய மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். லிட்டர் கணக்குப் போட்ட சின்ன மாத்திரையா என்று பட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.